வானவில் அலமாரியும் எங்கள் நூலகர் மாநாடும்

நூலகர்கள் பேசமாட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன். சத்தியமாக நம்பினேன். எந்த நூலகத்துக்குப் போனாலும் 'அமைதி காக்கவும்' என்று எழுதி மாட்டியிருக்கிறார்களே, அதை மாட்டுகிறவர்கள் வீட்டிலும் அப்படித்தான் இருப்பார்கள், பல் துலக்கும்போதுகூட அவர்களிடமிருந்து சத்தம் வராது என்பது என் கணிப்பு. ஆகவே, நூலகர்களுக்கு மாநாடு நடத்துவதுதான் உலகத்திலேயே சுலபமான காரியம் என்ற முடிவுக்கும் வந்திருந்தேன். மேடை போடவேண்டியது, மாலை வாங்கவேண்டியது, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லவேண்டியது. நூலகர்கள் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டு, நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். (இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் கணிதம் வேறு சொல்லிக்கொடுக்கிறேன்.)

நான் எப்படி நூலகர் ஆனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லாபு பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் சின்னத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் ஆசிரியர். ஒருநாள் ஆசிரியர் கூட்டத்துக்குப் பல்வலி என்று லீவு போட்டுவிட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் நான் நூலகப் பொறுப்பாசிரியர். எங்கள் பள்ளியில் பதவிகள் அப்படித்தான் வரும். அன்றைக்கு வராதவனைத் தேடி வரும்.

நூலகம் என்பது ஒரு பழைய வகுப்பறை. பள்ளியிலேயே நன்றாகச் சுற்றும் காற்றாடி அங்கேதான் இருந்தது. ஆரம்பத்தில் அந்த அறையை நான் நேசித்ததற்கு முழுக் காரணமும் அந்தக் காற்றாடிதான். ஆனால் ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் வந்து தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் என்னவோ ஆகிவிட்டது. ஒரு பெண் பிள்ளை வாராவாரம் திமிங்கிலம் பற்றிய ஒரே புத்தகத்தை எடுப்பாள். "வேற புக்கு எடேன்லா" என்றால், "இன்னும் முடியல சார், ரொம்பப் பெரிய மீனு" என்பாள்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்கள் காலி செய்து போய்விட்டதால், அங்கிருந்த பள்ளி பட்டணத்துப் பக்கம் இடம் மாறிற்று. அதன் பழைய மேசை நாற்காலிகள் எங்களுக்கு வருவதாக ஏற்பாடு. அவற்றை எங்கே வைப்பது என்று தலைமையாசிரியை நடந்து நடந்து பார்த்தார். கடைசியில் அவர் நடை என் நூலக வாசலில் நின்றது.

"தயாளன் சார், லைப்ரரிய ஸ்டோரா மாத்திடலாம்னு பார்க்கிறேன். புக்குங்கள வகுப்புக்குக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுத்திடுங்க."

"டீச்சர், பிள்ளைங்க வர்றாங்களே!"

"பிள்ளைங்க காத்தாடிக்கு வர்றாங்க. நீங்களும்தான்."

(அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.)

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துக்கொள்ளும். எனக்குத் திறந்துகொள்ளும். "டீச்சர், அங்கதான் மாநாடு நடக்கப்போவுது!" என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வருவதை நானே அப்போதுதான் கேட்டேன்.

"என்னா மாநாடு?"

"நூலகர் மாநாடு டீச்சர். நம்ம மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி நூலகருங்க எல்லாம் வர்றாங்க. டத்தோ வர்றாரு."

"எந்த டத்தோ?"

"பெரிய டத்தோ."

"சரி, நடத்துங்க. வர்றவங்க பார்த்துட்டு, இது லைப்ரரிதான், இது வேணும்னு சொல்லட்டும். ரூமு உங்களுக்கு. இல்லன்னா அடுத்த வாரமே நாற்காலி உள்ள போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, எங்கள் மாநாட்டின் தோற்றுவாய் இதுதான். இன்றைக்குச் சிலர் இதைத் தொலைநோக்கு என்கிறார்கள். அன்றைக்கு என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நூலகப் பொறுப்பில் இருப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்சப் குழு வைத்திருந்தார்கள். அதில் என்னையும் சேர்த்திருந்தார்கள். அங்கே பேச்சு முழுக்கப் பூச்சியைப் பற்றி இருக்கும். புத்தகத்தைத் தின்னும் பூச்சியின் படத்தை ஒருவர் போடுவார், மற்றவர்கள் 'ஐயோ பாவம்' என்று எழுதுவார்கள். (பூச்சிக்கா புத்தகத்துக்கா என்பது எனக்கு விளங்கியதில்லை.) அந்தக் குழுவில், 'எங்கள் பள்ளியில் நூலகர் மாநாடு, அனைவரும் வருக' என்று போட்டேன். ஒருவரும் பதில் போடமாட்டார்கள், அப்புறம் 'யாரும் வரவில்லை டீச்சர்' என்று சோகமாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்று மனத்தின் ஓரத்தில் ஒரு ஆசை.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோலா பிலாவிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் எழுதினார்: 'வருகிறேன். பசியாறிவிட்டு வரவா, அங்கே வந்து பசியாறவா?' லிங்கியிலிருந்து பரமசிவம் சார் எழுதினார்: 'அவசியம் வருகிறேன். பழைய துணி கொண்டு வரலாமா?'

மாநாட்டுக்கு எதற்குப் பழைய துணி? யோசித்து யோசித்துப் பார்த்தேன். கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துவிடுமே! 'தாராளமாக' என்று பதில் போட்டுவிட்டு மனைவியிடம் கேட்டேன்.

"அழறதுக்கா இருக்கும். நீங்க நடத்துற மாநாடுதானே?" என்றாள் கோமதி.

டத்தோவைப் பிடிப்பதும் கஷ்டமாக இல்லை. கோமதியின் தம்பி சேகர் லோரி ஓட்டும் கம்பெனியின் முதலாளி ஒரு டத்தோ. கோயில் திருவிழாவோ, பள்ளி விழாவோ, மேடை இருந்தால் வந்துவிடுவார். நல்ல மனிதர். பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது என்ற ஒன்றைத் தவிர வேறு குறை கிடையாது.

மாநாட்டுக்கு முதல் நாள் நூலகத்தைச் சுற்றிப் பார்த்தேன். அலமாரிகள் அசிங்கமாகத் தெரிந்தன. குட்டைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நெட்டைப் புத்தகம், பச்சைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு. எனக்கு முன்னால் இருந்த பொறுப்பாசிரியர் புத்தக முதுகில் எண் ஒட்டி, பாட வாரியாக அடுக்கிவைத்திருந்தார். டத்தோ வந்து படம் பிடிப்பாரே, இது படத்தில் எடுபடுமா? வீட்டில் கோமதியின் சேலை அலமாரி எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. சிவப்பில் ஆரம்பித்து ஊதாவில் முடியும். பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. அன்று சாயங்காலமே கோமதியையும் சேகரையும் அழைத்து வந்து, எல்லாப் புத்தகங்களையும் நிறம் பார்த்து அடுக்கினேன்.

"சேலையும் புக்கும் ஒண்ணாங்க?" என்று கோமதி கேட்டாள்.

"நீ சும்மா இரு. நூலகத்தப் பத்தி உனக்கு என்னா தெரியும்?" என்றேன். (எனக்கு மட்டும் தெரிந்த மாதிரி.)

வேலை முடிந்தபோது அலமாரி வானவில் மாதிரி இருந்தது. சிவப்பு வரிசையில் மீன் குழம்பு சமைப்பதும் முதலுதவியும் எரிமலையும் ஒன்றாக நின்றன. பச்சையில் தவளை, திருமணச் சட்டம், பேய்க்கதை. பிள்ளைகள் கலைக்களஞ்சியம் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு நிறம் என்பதால் அறையின் நாலு மூலைக்கும் போயிற்று. எந்த நிறத்திலும் சேராத கிழிந்த புத்தகங்களைக் கோணிச் சாக்கில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மறைத்தோம். சேகர் தள்ளி நின்று பார்த்து, "மச்சான், சூப்பர்லா! பெயிண்டு கடை மாதிரியே இருக்கு" என்றான். அதையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. டத்தோ வருகிறார் என்று தலைமையாசிரியை பெற்றோர்களைக் கோத்தோங் ரோயோங்குக்குக் கூப்பிட்டிருந்தார். யாரும் கூலி கேட்காமல் எல்லாரும் சேர்ந்து கை போட்டுச் செய்யும் வேலை அது. திடலில் புல் வெட்டும் மெஷின்கள் அலறிக்கொண்டிருந்தன. மண்டபத்தில் மேடை, பதாகை, மாலை, பொன்னாடை, வரிசையாக நாற்காலிகள் எல்லாம் தயார். நான் டை கட்டியிருந்தேன். (அந்தத் தோட்டத்தில் டை கட்டிய கடைசி ஆள் வெள்ளைக்காரத் துரையாக இருக்கவேண்டும்.)

இரண்டு காடியிலும் ஒரு வேனிலுமாக நூலகர்கள் வந்து இறங்கினார்கள். ஸ்டெல்லா டீச்சர் ஒரு பெரிய பையை இறக்கினார். கட்டுரை நிறையக் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பசை, கத்தரிக்கோல், பிளாஸ்திக் உறை, ஊசி நூல். பரமசிவம் சாரின் வாளியில் நிஜமாகவே பழைய துணி, தூரிகை, காய்ந்த வேப்பிலை. எல்லாரும் தே தாரிக் குடித்தார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். சந்தையில்கூட ஒருவர் பேசும்போது ஒருவராவது கேட்பார். இங்கே கேட்பதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன். என் முதல் நம்பிக்கை அங்கேயே செத்துப்போயிற்று.

"சார், லைப்ரரி எந்தப் பக்கம்?" என்றார் ஸ்டெல்லா டீச்சர். "டத்தோ வர்றதுக்குள்ள சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்திர்றோம்."

நான் பெருமையாகக் கையைக் காட்டினேன். போனார்கள்.

சிறிது நேரத்தில் அந்தப் பக்கமிருந்து, "ஐயோ! கடவுளே!" என்று ஒரு குரல் கேட்டது. தொடர்ந்து பரமசிவம் சாரின் குரல்: "களஞ்சியத்தப் பிரிச்சிட்டாங்களே! குடும்பத்தப் பிரிச்ச மாதிரி பிரிச்சிட்டாங்களே!"

ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று கால் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து டத்தோவின் காடி வாசலில் வந்து நின்றது.

டத்தோவை மாலை போட்டு அழைத்து வந்து மேடையில் உட்கார வைத்தேன். எதிரே எல்லாம் காலி நாற்காலி. பக்கத்தில் தலைமையாசிரியை. அவர் காலி நாற்காலிகளைப் பார்க்கவில்லை. எப்படி அடுக்கலாம் என்று அளவெடுப்பதுபோல் பார்த்தார்.

"சேகர், ஓடு! அவங்கள உடனே கூட்டிட்டு வா!"

சேகர் போன வேகத்தில் திரும்பினான். "மச்சான், அவங்க வரமாட்டாங்களாம்."

"ஏன்?"

"எல்லாப் புக்கையும் கீழ இறக்கிட்டாங்க. அத யாரு அடுக்குனான்னு கேக்கறாங்க. நான் சொல்லல. ஆனா ஒரு சாரு கையில தூரிகையோட நிக்கிறாரு, அடிச்சாலும் அடிப்பாரு."

"டத்தோ காத்துக்கிட்டு இருக்காருடா! யாரையாச்சும் உட்கார வை!"

'யாரையாச்சும்' என்று சொன்னது என் தப்புதான். அடுத்த சில நிமிடங்களில் மண்டபத்துக்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லார் காலிலும் ரப்பர் பூட்ஸ். தலையில் துண்டு. சட்டையெல்லாம் வெட்டிய புல். முன்வரிசையில் ஓர் அங்கிள் பாராங் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்தார்.

டத்தோ எழுந்தார். "அன்புமிக்க நூலகர்களே!" என்று ஆரம்பித்தார்.

புல் வெட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று கை தட்டினார்கள். டத்தோவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உங்கள் வேலை எவ்வளவு நுட்பமானது, நீங்கள் சத்தமே இல்லாமல் எவ்வளவு பெரிய தொண்டு செய்கிறீர்கள் என்று பேசினார். (வெளியே யாரோ அணைக்க மறந்த மெஷின் அலறிக்கொண்டிருந்தது.) நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தூண் ஒல்லி, நான் ஒல்லி இல்லை.

பேச்சின் நடுவே டத்தோ முன்வரிசை அங்கிளைக் காட்டி, "ஐயா, நீங்க எந்த லைப்ரரி?" என்று அன்பாகக் கேட்டார்.

அங்கிள் எழுந்து நின்றார். "நானு புல்லுங்க டத்தோ."

"புல்லா?"

"ஆமாங்க. திடல் பக்கம் முடிஞ்சிருச்சு. டோய்லட்டுப் பக்கம் பாக்கி இருக்கு."

டத்தோ மெதுவாகத் திரும்பித் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை மெதுவாகத் திரும்பித் தூணைப் பார்த்தார். எனக்குத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

"அப்ப நூலகருங்க எங்க?" என்றார் டத்தோ.

"லைப்ரரியில" என்றேன். அன்று நான் சொன்ன முதல் உண்மை அது.

எல்லாரும் நூலகத்துக்குப் போனோம். டத்தோ முன்னால், தலைமையாசிரியை அடுத்து, பின்னால் பூட்ஸ் காலோடு மொத்தப் பெற்றோர் கூட்டமும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்னதான் நடக்கிறது என்று பார்க்காமல் போக அவர்களுக்கு மனசில்லை.

உள்ளே தரையே தெரியவில்லை. அலமாரிகள் மொட்டையாக நின்றன. நூலகர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புத்தகக் குவியல்களுக்கு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் துணியால் துடைத்தார், ஒருவர் கிழிந்ததை ஒட்டினார், கோணிச் சாக்கு திறந்து கிடந்தது. தவளை எந்த அலமாரிக்குப் போகவேண்டும் என்பதில் இரண்டு பேருக்குள் பலத்த சண்டை. டத்தோ ஓர் அடி எடுத்து வைத்தார்.

"ஐயா, ஐயா! காலை எடுங்க! சமையல மிதிக்கிறீங்க!" என்று கத்தினார் ஸ்டெல்லா டீச்சர். அவருக்கு இவர் டத்தோ என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

டத்தோ மாலையோடு ஒற்றைக்காலில் நின்றார்.

"இத யாரு இப்படி அடுக்குனது? அத மட்டும் சொல்லுங்க" என்றார் பரமசிவம் சார்.

சேகர் என்னைப் பார்த்தான். தூரிகையைப் பார்த்தான். "மச்சான்தான். கலர் பார்த்து அடுக்குனாரு" என்றான்.

அன்று முழுவதும் நூலகர்கள் அமைதி காத்தது அந்த ஒரு நொடிதான். அப்புறம் ஸ்டெல்லா டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். அது அடுத்தவருக்குத் தொற்றியது. பரமசிவம் சார் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பழைய துணியால். (கோமதி சொன்னது கொஞ்சம் பலித்துவிட்டது.) கடைசியில் தலைமையாசிரியையின் உதட்டோரம்கூட ஆடியது.

"சரி சார், டையைக் கழட்டிட்டு உட்காருங்க. மீன் குழம்பையும் எரிமலையையும் பிரிங்க" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

உட்கார்ந்தேன். வெகுநேரமாக என்னைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். "டீச்சர், நீங்க மண்டபத்துக்கே வரலியே. அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரத்திலேருந்து வந்தீங்க?"

அவர் ஒரு புத்தகத்தின் முதுகை நீவி விட்டுக்கொண்டே சொன்னார்: "சார், எங்க ஸ்கூல்ல லைப்ரரிக்கு நான் ஒரு ஆளு. பரமசிவம் சாரு ஸ்கூல்ல அவரு ஒரு ஆளு. போன வெள்ளத்துல ஆத்துத் தண்ணி வந்து இவரு புக்கெல்லாம் நனைஞ்சு போச்சு. துணி காயப்போடுற மாதிரி கொடி கட்டிக் காயப்போட்டிருக்காரு, ஒவ்வொண்ணா. அத வீட்டுல சொன்னா சிரிக்கிறாங்களாம். எங்ககிட்ட சொன்னப்ப, கிளிப்பு போட்டீங்களா, மடிச்சுப் போட்டீங்களான்னு கேட்டோம். அப்படிக் கேக்கறதுக்கு ஆளு வேணும்ல? அதுக்குத்தான் வந்தோம்."

நான் எரிமலையைத் துடைத்தேன்.

வாசலில் நின்ற பெற்றோருக்குச் சும்மா நிற்கத் தெரியாது. கோத்தோங் ரோயோங்குக்கு வந்தவர்கள் ஆயிற்றே! பாராங் அங்கிள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, "எந்தக் கட்டு எங்க போவணும், சொல்லுங்கம்மா" என்றார். வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள். நூலகர்கள் கீழேயிருந்து எந்தப் பாடம் என்று சொல்லிப் புத்தகத்தை நீட்ட, அது அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. டத்தோவும் மாலையைக் காற்றாடி சுவிச்சில் மாட்டிவிட்டு வரிசையில் நின்றார். பொன்னாடை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். பழைய துணி போதவில்லை.

வரிசை பாதியில் நின்று நின்று போயிற்று. காரணம், கைக்கு வந்த புத்தகத்தை ஆட்கள் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பாராங் அங்கிள் கோழி வளர்ப்புப் புத்தகத்தில் மூழ்கிப்போனார். ஓர் ஆன்ட்டி, "சார், இதெல்லாம் நாங்க எடுத்துட்டுப் போலாமா? பிள்ளைங்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். அப்படி ஒருவர் கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை. தலைமையாசிரியையைப் பார்த்தேன்.

அவர், "எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பிக் கொண்டாரணும்" என்றார்.

சாயங்காலம் வேன் கிளம்பியது. "அடுத்த வருஷம் எங்க லைப்ரரி. அது இதைவிட மோசம்!" என்று ஸ்டெல்லா டீச்சர் சன்னல் வழியாகப் பெருமையோடு கத்திவிட்டுப் போனார். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. எந்த நூலகம் ரொம்ப மோசமோ அங்கே மாநாடு. மேடை கிடையாது. செருப்பை வெளியே விடவேண்டும். ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரே ஒரு தட்டை ஒப்படைத்துவிட்டு, "சார், கலர் பார்க்காதீங்க" என்பார்கள். வீட்டிலும் விடுவதில்லை. நான் துணி காயப்போடும்போதெல்லாம் கோமதி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "சிவப்பு மொதல்ல, ஊதா கடைசிங்க. டத்தோ வந்தாலும் வருவாரு!"

அன்று எல்லாரும் போனபிறகு தலைமையாசிரியை நூலக வாசலில் வந்து நின்றார். நான் எதற்கும் தயாராக எழுந்து நின்றேன்.

"டீச்சர், ரூமு...?"

"புக்கு வெளிய போயிருக்கே சார். திரும்பி வரணும்னா வைக்கிறதுக்கு இடம் வேணும்ல? எல்லாம் வர்ற வரைக்கும் ரூமு இருக்கட்டும். நாற்காலிய மண்டபத்து மேடையில ஏத்திக்கலாம், மேடைக்குத்தான் ஒண்ணும் வேலை இல்லையே."

மேசை நாற்காலிகள் இன்னும் அந்த மேடையில்தான் இருக்கின்றன. பெற்றோர்கள் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு எடுத்துப் போகிறார்கள். பாராங் அங்கிள்கூடக் கோழியை முடித்துவிட்டு ஆட்டுக்கு வந்துவிட்டார். கணக்குப்படி அன்றைக்குப் போனதில் இன்னும் திரும்பாதது ஒன்றே ஒன்று, அலங்கார மீன் வளர்ப்பு. போன் போட்டுக் கேட்கட்டுமா என்று ஒருமுறை தலைமையாசிரியையிடம் கேட்டேன். "வாயைத் திறந்தீங்க, தெரியும்!" என்றார்.

டத்தோ அதை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.